அகஸ்டஸ் சீசரும் உரோமைப் பேரரசின் தோற்றமும்

அகஸ்டஸ் சீசர் (கி.மு. 63 – கி.பி. 14) உரோமைப் பேரரசின் முதல் பேரரசர் ஆவார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நீடித்த உள்நாட்டுக் கலகங்களுக்கு முடிவு கட்டி, நடுநிலக் கடலைச் சுற்றிய நாடுகளை ஒரே ஆட்சியின் கீழ் நிலைநிறுத்தியவர் இவரே. இவர் தம்மை ஒருபோதும் மன்னர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. குடியரசை மீட்டுக் கொடுத்ததாகவே கூறிக்கொண்டார். ஆனால் இவருடைய காலத்திற்குப் பிறகு உரோமில் குடியரசு மீண்டும் தலைதூக்கவே இல்லை. இந்த முரண்பாடே அகஸ்டஸின் வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலாகும்.

இளமைக் காலம்

இவரது இயற்பெயர் கையஸ் ஆக்டேவியஸ். கி.மு. 63 செப்டம்பர் 23 அன்று உரோம் நகரில் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். இவருடைய தாய் ஆட்டியா, ஜூலியஸ் சீசரின் சகோதரி மகள்.

கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசர் செனட் அவைக் கூட்டத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அப்போது ஆக்டேவியஸுக்கு வயது 18. இன்றைய அல்பேனியாவில் உள்ள அப்பல்லோனியா நகரில் அவர் கல்வி கற்றுக்கொண்டிருந்தார். சீசர் தமது உயிலில் அவரைத் தத்துப்பிள்ளையாகவும் முதன்மை வாரிசாகவும் அறிவித்திருந்தார். சீசர் என்ற பெயர் கிடைத்ததும் சீசரின் பழைய படைவீரர்கள் அந்த இளைஞரின் பின்னால் திரண்டனர். இக்காலத்தில் அவரை ஆக்டேவியன் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர்.

அதிகாரப் போட்டி

கி.மு. 43இல் மார்க் ஆண்டனி, லெப்பிடஸ் ஆகியோருடன் சேர்ந்து ஆக்டேவியன் மூவர் ஆட்சிக் குழுவை அமைத்தார். இக்குழு தன் எதிரிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டு, அவர்களைக் கொல்வோருக்குப் பரிசு அறிவித்தது. புகழ்பெற்ற பேச்சாளரும் குடியரசின் ஆதரவாளருமான சிசரோ இப்பட்டியலின்படியே கொல்லப்பட்டார். கி.மு. 42இல் பிலிப்பி போரில் சீசரைக் கொன்ற புரூட்டசும் காசியசும் தோற்று உயிரை மாய்த்துக்கொண்டனர்.

பின்னர் மூவருக்கும் இடையே பிளவு ஏற்பட்டது. லெப்பிடஸ் ஒதுக்கப்பட்டார். ஆண்டனி எகிப்திய அரசி கிளியோபாட்ராவுடன் கூட்டுச் சேர்ந்தார். கி.மு. 31 செப்டம்பர் 2 அன்று நடந்த ஆக்டியம் கடற்போரில் ஆக்டேவியனின் தளபதி அக்ரிப்பா அவ்விருவரின் கடற்படையை முறியடித்தார். அடுத்த ஆண்டு இருவரும் தற்கொலை செய்துகொள்ள, எகிப்து உரோமின் வசமானது.

குடியரசின் வடிவில் ஒருவர் ஆட்சி

வெற்றி பெற்ற ஆக்டேவியனுக்கு முன்னே ஓர் எச்சரிக்கை இருந்தது. வாழ்நாள் சர்வாதிகாரி என்ற பட்டத்தை வெளிப்படையாக ஏற்றதே ஜூலியஸ் சீசரின் உயிரைப் பறித்தது. எனவே கி.மு. 27 ஜனவரியில் தம் சிறப்பு அதிகாரங்களை செனட்டிடம் ஒப்படைப்பதாக அவர் அறிவித்தார். செனட் அவருக்கு வணக்கத்திற்குரியவர் என்னும் பொருள்படும் அகஸ்டஸ் என்ற பட்டத்தை வழங்கியது. அத்துடன் பெரும்பாலான படைகள் நிலைகொண்டிருந்த எல்லை மாகாணங்களையும் அவர் பொறுப்பிலேயே விட்டது. கி.மு. 23இல் மக்கள் பிரதிநிதிகளான டிரிபியூன்களின் அதிகாரமும் அவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் கிடைத்தது.

செனட் கூடியது, கான்சல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர், பழைய சட்டங்கள் தொடர்ந்தன. ஆனால் படையும் கருவூலமும் ஒருவர் கையில் இருந்தன. அவர் தமக்கு விரும்பிய பட்டம் பிரின்செப்ஸ், அதாவது முதற்குடிமகன் என்பதே. போரால் களைத்துப்போன மக்களும் அமைதி கிடைத்ததால் இதனைப் பெரிதும் எதிர்க்கவில்லை.

நிருவாகச் சீர்திருத்தங்கள்

குடியரசுக் காலத்தில் வீரர்கள் தங்களுக்கு நிலமும் பணமும் தரும் தளபதியையே நம்பியிருந்தனர். உள்நாட்டுப் போர்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அகஸ்டஸ் படைகளைக் குறைத்து 28 லெஜியன்களாக நிலைப்படுத்தினார். பணிக்காலத்தையும் ஓய்வுத் தொகையையும் வரையறுத்தார். கி.பி. 6இல் ஓய்வுபெறும் வீரர்களுக்கெனத் தனிக் கருவூலம் ஏற்படுத்தி, அதற்காக 5 விழுக்காடு மரபுரிமை வரி விதித்தார். இதனால் வீரர்களின் வாழ்வாதாரம் தனி மனிதரைவிட்டு அரசைச் சார்ந்ததாக மாறியது.

குடிமக்கள் கணக்கெடுப்பு மூன்று முறை நடத்தப்பட்டது. கி.மு. 28இல் 40,63,000 ஆக இருந்த உரோமைக் குடிமக்கள் எண்ணிக்கை கி.பி. 14இல் 49,37,000 ஆகப் பதிவாகியது. உரோம் நகரம் 14 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, தீயணைப்புக்கும் இரவுக் காவலுக்கும் தனிப்படை அமைக்கப்பட்டது. அக்ரிப்பா கி.மு. 19இல் கட்டிமுடித்த அக்வா விர்கோ கால்வாயின் நீர், பிற்காலச் சீரமைப்புகளுடன் இன்றும் உரோமின் டிரெவி நீரூற்றுக்கு வருகிறது.

தமிழகத்துடன் தொடர்பு

எகிப்து கைக்கு வந்ததும் செங்கடல் வழியாக இந்தியாவுடன் நடந்த வணிகம் பெருகியது. எகிப்தின் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றதாக அக்கால நிலவியலாளர் ஸ்டிராபோ எழுதியுள்ளார். யவனர் பொன்னைக் கொணர்ந்து முசிறியில் மிளகைக் கொண்டு சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் குறிப்பிடுகிறது.

கொங்குப் பகுதியில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து நாணயப் புதையல்கள் கிடைத்துள்ளன. இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் அகஸ்டஸ் வெள்ளிக் காசு ஒன்றின் பின்புறத்தில் அவருடைய பேரன்கள் கையஸ், லூசியஸ் ஆகியோரின் உருவங்கள் உள்ளன. அவர்களே அடுத்த வாரிசுகள் என உலகுக்கு அறிவிக்கும் காசு அது. ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்தனர். அறிவிப்பு பொய்த்த பின்னரும் காசு மட்டும் கடல் கடந்து நிலைத்தது.

ஆட்சியின் மறுபக்கம்

குடும்ப ஒழுக்கத்தைக் காக்க அகஸ்டஸ் கடுமையான திருமணச் சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒழுக்கக்கேடு என்ற குற்றச்சாட்டில் தம் ஒரே மகள் ஜூலியாவையே கி.மு. 2இல் நாடுகடத்தினார். கவிஞர் ஓவிட் கி.பி. 8இல் கருங்கடற்கரைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். கி.பி. 9இல் ஜெர்மானியாவின் டியூட்டோபர்க் காட்டில் மூன்று லெஜியன்கள் அழிந்தன. அத்துடன் ஜெர்மானியாவை முழுமையாக வெல்லும் எண்ணம் தளர்ந்தது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. மன்னர் பதவி இல்லை என்று சொன்னதால், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் சட்டமும் வகுக்கப்படவில்லை. அகஸ்டஸ் கி.பி. 14 ஆகஸ்ட் 19 அன்று நோலாவில் இறந்தபோது, அவர் தத்தெடுத்திருந்த திபேரியஸ் அமைதியாகப் பொறுப்பேற்றார். ஆனால் கி.பி. 41இல் பேரரசர் கலிகுலாவை, அகஸ்டஸ் உருவாக்கிய பிரிட்டோரியக் காவல்படையின் அதிகாரிகளே கொன்றனர். கி.பி. 69இல் ஒரே ஆண்டில் நான்கு பேர் அடுத்தடுத்து பேரரசர்களாயினர்.

நிலைத்த தாக்கம்

அகஸ்டஸ் தொடங்கிவைத்த அமைதிக் காலம் பாக்ஸ் ரோமானா எனப்படுகிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நீடித்த இக்காலத்தில் சாலைகளும் நகரங்களும் இலத்தீன் மொழியும் மேற்கு ஐரோப்பாவில் பரவின. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் முதலிய மொழிகள் அப்பரவலின் வழித்தோன்றல்களே.

கி.மு. 8இல் செக்ஸ்டிலிஸ் மாதம் இவர் பெயரால் ஆகஸ்ட் ஆனது. நெட்டாண்டைத் தவறாகக் கணக்கிட்டு வந்த குருமாரின் பிழையைத் திருத்தி, ஜூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டியையும் இவர் ஒழுங்குபடுத்தினார். சீசர் என்ற குடும்பப் பெயர் ஜெர்மனியில் கைசர் எனவும் ரஷ்யாவில் ஜார் எனவும் அரச பட்டமாக இருபதாம் நூற்றாண்டு வரை வழங்கியது. பிரின்செப்ஸ் என்ற சொல்லிலிருந்து பிரின்ஸ் என்ற ஆங்கிலச் சொல் வந்தது.

தம் சாதனைகளை அகஸ்டஸ் தாமே எழுதிவைத்தார். அதன் படி துருக்கியின் அங்காரா நகரிலுள்ள கோயில் சுவரில் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இன்றும் காணப்படுகிறது. மதிப்பில் மட்டுமே தாம் பிறரை விஞ்சியதாகவும், அதிகாரத்தில் உடன் பதவியாளர்களுக்கு மேற்பட்டிருக்கவில்லை என்றும் அவர் அதில் கூறுகிறார். அவர் ஏற்படுத்திய அமைதி உண்மையானது. அதற்காக உரோமர் விட்டுக்கொடுத்த அரசியல் உரிமையும் உண்மையானது. அவைகளும் தேர்தல்களும் பெயரளவில் இருந்தாலே மக்களாட்சி இருப்பதாகிவிடாது என்பதற்கு அகஸ்டஸின் ஆட்சி வரலாற்றில் பதிந்த தெளிவான சான்றாகும்.