முழங்கால் நீர் சொல்லும் சாட்சி

வீங்கிச் சிவந்து, தரையில் ஊன்றவும் இயலாதபடி வலிக்கிற முழங்காலைக் கண்டவுடன், வாதம் என்று பொதுப்பெயர் சூட்டித் தைலம் தடவிக்கொண்டு நாட்களைக் கடத்துகிற வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை என்பது விசனத்துக்குரிய விஷயம். மூட்டுக்குள் ஊறும் திரவத்தை ஊசியால் சிறிது எடுத்துப் பரிசோதித்தால், எக்ஸ்ரே படத்தில் புலப்படாத காரணமும் பல சமயங்களில் தெளிவாகிவிடும்.

ஆரோக்கியமான முழங்காலில் இத்திரவம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் வழவழப்பாக இருக்கும். ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் 200-க்கும் குறைவு. மூட்டுத் தேய்மானத்தில் அவை சாதாரணமாக 2,000-ஐத் தாண்டுவதில்லை; கிருமி புகுந்த மூட்டிலோ பெரும்பாலும் 50,000-க்கு மேல் பெருகித் திரவமே கலங்கிவிடுகிறது. அடிபட்ட முழங்காலில் எடுத்த திரவத்தில் இரத்தத்தோடு கொழுப்புத் துளிகளும் மிதந்தால், மூட்டினுள் எலும்பு முறிந்திருக்கிறதென்று வைத்தியர் ஊகிப்பார்.

1961-இல் டேனியல் மக்கார்ட்டி, ஜோசப் ஹாலண்டர் என்னும் அமெரிக்க வைத்தியர்கள், முனைவாக்கிய ஒளி பாயும் நுண்ணோக்கியின்கீழ் இத்திரவத்தில் யூரிக் அமிலத்தால் உண்டாகும் ஊசி வடிவ யூரேட் ஸ்படிகங்களை இனங்கண்டு, கவுட் என்னும் மூட்டு நோயை நிச்சயமாக நிர்ணயிக்கும் மார்க்கத்தை வகுத்தார்கள். வலி உச்சத்திலிருக்கும் வேளையிலும் இரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பான அளவிலேயே இருந்துவிடக் கூடுமாதலால், இந்தக் கண்டுபிடிப்பின் மகத்துவம் சாமானியமானதன்று.

கிருமி புகுந்த மூட்டின் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழிந்துவிடக் கூடும். ஆகையால் காய்ச்சலோடு முழங்கால் திடீரென வீங்கினால், மருந்தைத் தாமாகவே வாங்கி உட்கொள்ளாமல், அன்றைக்கே வைத்தியரிடம் செல்லுங்கள். அவர் நீர் எடுக்க வேண்டுமென்றால், ஊசிக்கு அஞ்சி மறுத்துவிடாதீர்கள்.