15,000 வேலைகளை எண்ணிய விதம்

புரூக்ளினில் பார்க்லேஸ் சென்டர் அரங்கைச் சூழ்ந்து எழ வேண்டிய குடியிருப்புகளில், எளியோர்க்கென ஒதுக்கிய 2,250 வீடுகளையும் முடித்துத் தர விதித்திருந்த 2025 மே 31 என்ற கெடு, எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்படாமலே கடந்துபோயிற்று. அதுமுதல் வரும் கடிதங்களில் ஒரே மயக்கம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது: வீடுகள் போகட்டும், தொடக்கத்தில் வாக்களித்த 15,000 கட்டுமான வேலைகள் எங்கே?

ஸ்தலத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது சுரங்க ரயில் தடங்களும் லாங் ஐலண்ட் ரயில் முனையமும் கூடும் சந்திப்பில் அரங்கை வைத்தது போக்குவரத்து நோக்கில் நியாயமே. 1,100 வண்டிகளுக்கென எண்ணியிருந்த நிறுத்துமிடத்தை 2012-ல் திறப்பதற்கு முன் 541 ஆகக் குறைத்தும் காரியம் நடந்தது. ரயில் பணிமனையின் மேல் எழுப்புவதாகச் சொன்ன திட்டத்திற்காக, ஜனங்கள் குடியிருந்த மனைகளும் சேர்த்துக் கையகப்படுத்தப்பட்டன என்பதை விளம்பரப் படங்கள் அவ்வளவாகக் காட்டவில்லை.

சாமர்த்தியம் முழுவதும் எண்ணிக்கையில் இருக்கிறது. உத்தியோகபூர்வமான கணக்கில் ஒரு கட்டுமான வேலை என்பது ஒரு மனிதன் ஓராண்டு செய்யும் வேலை. ஆகவே ஒரே கொத்தனார் ஒரே சாரத்தில் பத்தாண்டு நின்றால் அவர் பத்து வேலைகளாகிவிடுகிறார். பத்தாண்டுத் திட்டத்தின் 15,000 என்பது, எந்த ஆண்டில் போய்ப் பார்த்தாலும் 1,500 பேருக்கான இடமே. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. பொருளியலாளர் கையாளும் அளவைதான். ஆயினும் இந்த அளவைக்குத் தாமதம் என்பதே தெரியாது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. 2009-ல் ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டபோது, பத்தாண்டில் முடியும் என்றிருந்த திட்டத்திற்கு இருபத்தைந்தாண்டு வரை அவகாசம் கிடைத்தது. அதே 15,000-ஐ இருபத்தைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 600 இடங்கள். வாக்குறுதி ஓர் எண்கூடக் குறையவில்லை, ஆனால் வேலை தேடிக் காத்திருந்த இளைஞனுக்கு வாயில் பாதிக்கு மேல் அடைபட்டுவிட்டது.

இந்த வேலைகள் அக்கம்பக்கத்தாருக்கே கிடைக்கும் என்று உறுதி கூறுவதாக, 2005-ல் திட்டத்தை மேற்கொண்ட ஃபாரஸ்ட் சிட்டி ராட்னர் நிறுவனம் எட்டு அமைப்புகளுடன் ‘சமூக நலன் ஒப்பந்தம்’ செய்துகொண்டது. அவற்றுட் சில அந்நிறுவனத்திடமே நிதி பெற்றவை. நகராட்சியோ ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அன்று. அது நிறைவேறுகிறதா என்று பார்ப்பதற்குச் சுதந்திரமான கண்காணிப்பாளர் ஒருவரை, கட்டுமான நிறுவனத்தின் செலவிலேயே, நியமிக்க வேண்டுமென்று எழுதியிருந்தார்கள். அப்படி ஒருவரும் நியமிக்கப்படவில்லை. ஆதலால் எத்தனை பேர் உள்ளூரார் என்ற கேள்விக்கு நிறுவனத்தின் சொல்லையன்றி வேறு பிரமாணம் தேட முற்படுபவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

அரங்கிலேயே கிடைத்த வேலைகள்? திறப்பின்போது சுமார் 2,000 பேர். பெரும்பாலோர் பகுதிநேர ஊழியர்.

கூடவே வாக்களித்த 10,000 நிரந்தர உத்தியோகங்கள்? அவை திட்டத்தில் இருந்த அலுவலகக் கோபுரங்களை நம்பியவை. கோபுரங்கள் குறுக, அவையும் குறுகின.

சேப்பாக்கத்தோடு ஒப்பிடலாமா? ஒப்பிடுவது கடினம், அங்கே மைதானம் முன்பே இருந்தது, பறக்கும் ரயில் 1995-ல் அதைத் தேடி வந்தது.

கெடு தவறியதற்கு அபராதம்? கட்டாத வீடு ஒவ்வொன்றுக்கும் மாதம் 2,000 டாலர் என்று ஏட்டில் உண்டு. கெடு கடந்தவுடன் அதை வசூலிக்க மாநில அரசின் நிறுவனம் முனையவில்லை.