தேனீக்களின் வழக்கு

நியாயஸ்தலத்தில் கண்ணால் கண்ட சாட்சிக்குத் தனி மதிப்பு உண்டு. நிபுணரின் அபிப்பிராயம் அச்சாட்சியத்துக்கு விளக்கம் தரலாம். அதன் ஸ்தானத்தைக் கைப்பற்றுதல் முறையன்று. ஆனால் குடியானவரும் தொழிலாளரும் தாங்கள் கண்டதைச் சர்க்காரிடம் சொல்ல வரும்போது இவ்விதி தலைகீழாகி விடுகிறது. "நீங்கள் சொல்வது வெறும் அனுபவம், விஞ்ஞானம் அன்று" என்ற விடையே அவர்களுக்குக் கிடைக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் தேனீக்களைப் பற்றி எழுந்த நீண்ட விவகாரம் இதற்குத் தக்க உதாரணமாகும். பொதுக்காரியங்களில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அதை அறிந்திருத்தல் நலம்.

1994-ம் வருஷத்தில் அத்தேசத்துச் சூரியகாந்தி வயல்களில் 'கௌச்சோ' என்னும் பூச்சி மருந்து உபயோகத்துக்கு வந்தது. பாயர் என்ற ஜெர்மானியக் கம்பெனியின் சரக்கு அது; அதன் மூலப்பொருளுக்கு இமிடாக்ளோப்ரிட் என்று பெயர். பயிரின்மேல் தெளிக்காமல், விதையின்மேலேயே இதைப் பூசி விதைப்பார்கள். விதை முளைத்து வளரும்போது மருந்தும் சாற்றோடு கலந்து தண்டு, இலை, பூ, மகரந்தம் வரையில் ஏறிவிடும். செடியைக் கடிக்கும் பூச்சி மடியும். குடியானவருக்கு இது சௌகரியமாகவே தோன்றியது.

ஆனால் தேனீ வளர்ப்போருக்குச் சூரியகாந்தி பூக்கும் காலமே அறுவடைக் காலம். அக்காலத்தில் அவர்கள் கண்டது யாது? காலையில் பெட்டியை விட்டுப் பறந்த ஈக்கள் பல திரும்பி வரவில்லை. சில பூவின்மேல் நடுங்கிக்கொண்டும் திசை தெரியாமல் தடுமாறிக்கொண்டும் இருந்தன. பெட்டிகளில் கூட்டம் குறைந்தது, தேனும் குறைந்தது. பூப்புத் தொடங்கியவுடன் இக்கேடு தொடங்கிற்று. ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பவும் வந்தது. பெட்டிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோய்த் தொழில் செய்பவர்கள் அவர்கள். இடத்தையும் காலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்கு நித்திய வழக்கம். அவ்வாறு ஒப்பிட்டே அவர்கள் கௌச்சோவின்மீது சந்தேகங் கொண்டனர்.

இதற்குக் கிடைத்த விடையைக் கவனிக்க வேண்டும். பூச்சி மருந்துகளைச் சோதிக்கும் பழைய முறையில், எவ்வளவு மருந்து கொடுத்தால் ஓரிரு தினங்களில் பாதி ஈக்கள் சாகும் என்று ஆராய்ச்சிசாலையில் கணக்கிடுவார்கள். அப்படிக் கொல்லும் அளவு மருந்து பூவில் இல்லை என்று கம்பெனியார் வாதித்தார்கள். தேனீ வளர்ப்போரோ, ஈக்கள் குவியலாகச் செத்துக் கிடப்பதாகச் சொல்லவே இல்லை. வீட்டுக்குத் திரும்பவில்லை என்றுதான் சொன்னார்கள். கேள்வி ஒன்று, விடை வேறொன்று! அன்றியும், மகரந்தத்தில் இருக்கக்கூடிய மிகச் சிறிய அளவைக் கண்டுபிடிக்க ஆரம்பத்தில் தக்க முறைகள் இல்லை. கருவிக்கு அகப்படாத பொருள் உலகத்திலேயே இல்லாத பொருளாகக் கருதப்பட்டது. வரோவா என்னும் உண்ணியும் நோய்க்கிருமிகளும் குற்றவாளிகளாகக் காட்டப்பட்டன. அவ்வுண்ணி 1980-களின் தொடக்கத்திலேயே பிரான்ஸுக்கு வந்துவிட்டது. அதனுடன் போராடிப் பழகியவர்களுக்கு இப்புதிய கேட்டின் வேற்றுமை தெரியாதா?

தேனீ வளர்ப்போர் சோர்ந்துவிடவில்லை. சங்கங்களாகக் கூடி முறையிட்டார்கள். 1998-ம் வருஷக் கடைசியில் பாரிஸ் நகரத்தில் ஆர்ப்பாட்டமும் செய்தார்கள். 1999 ஜனவரியில் விவசாய மந்திரி ழான் கிளாவனி, சூரியகாந்திக்குக் கௌச்சோ உபயோகிப்பதை நிறுத்தி வைத்தார். இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை அந்நாட்டின் உச்ச நிர்வாக நியாயஸ்தலம் அவ்வருஷ டிசம்பரில் தள்ளிவிட்டது.

இதற்குள் விஞ்ஞானிகளிலும் சிலர் தேனீ வளர்ப்போரின் கேள்வியைத் தம் கேள்வியாக ஏற்றனர். ழான்-மார்க் பொன்மதென் என்ற ரசாயன ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் நுட்பமான முறை ஒன்றை வகுத்து, ஒரு கிலோகிராம் மகரந்தத்தில் சில மைக்ரோகிராம் மருந்து இருப்பதை அளந்து காட்டினார்கள். சர்க்கார் நியமித்த விஞ்ஞானக் கமிட்டி, விதைக்குப் பூசும் இம்மருந்தினால் தேனீக்களுக்கு நேரக்கூடிய அபாயம் கவலைக்குரியது என்று 2003-ல் அறிக்கை செய்தது. 2004-ல் மக்காச்சோளத்துக்கும் தடை வந்தது. 2012-ல் மிக்காயேல் ஆன்ரி என்பவரின் குழுவினர் 600-க்கும் அதிகமான ஈக்களின் முதுகில் நுண்ணிய அடையாளச் சில்லுகளை ஒட்டினார்கள். தயாமெதாக்ஸம் என்ற அதே இனத்து மருந்தைக் கொல்லாத அளவில் கொடுத்துச் சிலவற்றைப் பறக்கவிட்டார்கள். மருந்துண்ட ஈக்களில் பல திரும்பவில்லை. கொடுத்த அளவு சரிதானா என்று தர்க்கம் எழுந்தது உண்மையே. ஆயினும் 18 வருஷங்களுக்கு முன் தேனீ வளர்ப்போர் எழுப்பிய கேள்வி இங்கே அதன் சொந்த உருவத்தில் சோதிக்கப்பட்டது. ஐரோப்பிய யூனியன் 2013-ல் இவ்வினத்து மூன்று மருந்துகளைக் கட்டுப்படுத்தி, 2018-ல் திறந்த வயல்களில் அவற்றுக்குத் தடை விதித்தது.

தேனீ வளர்ப்போர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. தடைக்குப் பின்னும் தேனீக்களின் துயரம் தீரவில்லை. உண்ணி, நோய், வேறு மருந்துகள், பூக்களின் குறைவு எல்லாம் சேர்ந்தே அவற்றை நலியச் செய்கின்றன. தேனீ வளர்ப்போருக்குள்ளும் அபிப்பிராய பேதம் உண்டு. எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆராய்ச்சிசாலை அவசியம் வேண்டும். ஆனால் எதைத் தேடவேண்டும் என்று முதலில் காட்டியவன் வயலில் நின்றவன். அவன் கண்ணும் இவர் கருவியும் சேர்ந்தபொழுதே அறிவு வளர்ந்தது.

எஞ்சி நிற்பது நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற பிரச்னை. சந்தேகம் தீராத காலத்தில் மருந்து விற்றவனுக்கு லாபம் நின்றதா? இல்லை. பெட்டி காலியானவனுக்கு நஷ்டம் நின்றதா? அதுவும் இல்லை. ஆகவே, "இன்னும் ருசு போதாது" என்னும் வாக்கியம் பார்வைக்கு நடுநிலைமை போலிருந்தாலும், நடைமுறையில் ஒரு கட்சிக்கே தீர்ப்பாகிறது. இவ்விவகாரம் இன்னும் முடியவில்லை. அதே இனத்து அசிடாமிப்ரிட் என்னும் மருந்தைப் பிரான்ஸில் மீண்டும் அனுமதிக்க 2025-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அதற்கு எதிராகக் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்டில் அரசியலமைப்புக் கவுன்ஸில் அப்பகுதியைச் செல்லாதென்று தீர்மானித்தது.

கமிட்டிகளில் அமர்ந்து ஜனங்களின் சாட்சியம் கேட்பவர்கள் இதை மனத்தில் இருத்துவார்களாக. உழைப்பவன் கண்டதைச் சொல்லும்போது, அதை நம்பிவிடுதலும் தள்ளிவிடுதலும் எளிது. அவன் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பதுதான் கடமை.