புரை எடுத்த பிறகும் பார்வை போகலாம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காரும் ஒருவருக்குக் கண்புரை அறுவை நடந்தால், கட்டைப் பிரித்ததும் 6 மீட்டர் தள்ளியிருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். 6/12 வரிசை தெரிந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுகோலில் அது நல்ல பலன். ஆனால் பாவில் அறுந்த இழை கை எட்டும் தூரத்தில், அச்சுப் பற்களுக்கு நடுவே கிடக்கிறது. முடிபோல மெல்லிய அந்தப் பட்டிழையைத் தேடிப் பிடித்து, பிணைத்து, பல்லுக்குள் கோத்தாக வேண்டும். எழுத்துப் பலகை இந்த வேலையைச் சோதிப்பதில்லை.

இலவச முகாம்கள் வழியாக நடக்கும் அறுவையில் பெரும்பாலும் வைக்கும் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. தூரம் தெளியும், கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியைச் செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்குப் போட்டுத் தருவதே வழக்கம். தறியில் துணி அதைவிடச் சற்றுத் தள்ளியே இருக்கும். கண்ணிலிருந்து துணி வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கண்ணாடிக்குப் பரிசோதிப்பவரிடம் காட்டுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

ஓரிரு ஆண்டில் பார்வை மங்கினால் ‘புரை திரும்ப வந்துவிட்டது’ என்கிறோம். எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறையின் பின்பக்கம்தான் மங்குகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியான கணக்கில், 5 ஆண்டுக்குள் கால்வாசிக்கும் மேற்பட்ட கண்களில் இது வந்திருந்தது. புதிய லென்ஸ்களில் குறைவு. யாக் லேசரில் இதைச் சரிசெய்வது சில நிமிட வேலை, தையல் கிடையாது.

கண் அழுத்த நோயின் கதை வேறு. அது ஆரம்பத்தில் மங்கலைக்கூடக் காட்டாது. ஓரப் பார்வையிலிருந்து உள்ளே வரும். போன பார்வையை எந்த அறுவையும் மீட்டுத் தராது. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2000களின் தொடக்கத்தில் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 3,900க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். இந்நோயின் திறந்த கோண வகை இருந்தவர்களில் 100க்கு 98 பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. புரை எடுத்தவர் ‘கண்ணைத்தான் பார்த்தாயிற்றே’ என்று நிம்மதியாக இருந்துவிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த நோயை நாமே வரவழைத்துக்கொள்ளும் வழியும் ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் தரும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து அது. கண் உறுத்தினால் பழைய சீட்டைக் காட்டி அதையே மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறோம். உறுத்தல் அடங்குகிறது, மருந்தின் மேல் நம்பிக்கை கூடுகிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். வலிக்காது, சிவக்காது, பார்வை நரம்பு மட்டும் தேய்ந்துகொண்டே வரும். மிச்ச மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது உதவியே அல்ல.

சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரையும் கெடலாம். புது லென்ஸ் அதைக் காக்காது. ஆண்டுக்கு ஒருமுறை கண் பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு உட்கண்ணைப் பார்க்க வேண்டும், அழுத்தத்தையும் அளக்க வேண்டும்.

அறுவை நடந்த முதல் நாட்களில் வலி, சிவப்பு, பார்வைக் குறைவு கூடிக்கொண்டே போனால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். எத்தனை வருடம் கழித்தானாலும் திடீரென மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் மிதந்தால், திரை இறங்குவதுபோல ஒரு பக்கம் மறைந்தால் விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். முகூர்த்தச் சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம், கருட சேவை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். போகும்போது அறுவை செய்த சீட்டையும், இப்போது போட்டுவரும் சொட்டு மருந்துப் புட்டிகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.