நாற்பது நாள் கூலி, ஒரு வருடக் கணக்கு

ஜூன், ஜூலையில் சித்தூர் பக்கம் போனால், மாங்கூழ் ஆலை வாசல்களில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே பெண்கள் தோல் சீவி, கொட்டை நீக்குவார்கள். மாம்பால் பட்டுப் பட்டு விரலிடுக்கு கறுத்துப்போகும். காய் வரத்து நின்றதும் ஆலை அடங்கிவிடும், கூலியும் நின்றுவிடும்.

அவர்களில் ஒருவர் நாற்பது நாள் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். மீதி நாளெல்லாம் வேலைக்கு அலைந்திருந்தாலும், அரசின் ஆண்டுக் கணக்கில் அவர் வேலையில் உள்ளவர். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பின் விதி அப்படி: 365 நாளில் 30 நாளாவது துணை வேலை பார்த்திருந்தால் போதும். வாரக் கணக்கில் இன்னும் சுலபம். முந்தைய 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையுள்ளவர்தான். 2023-24இல் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே வேலையின்மை ஆண்டுக் கணக்கில் 3.2 சதவீதம், வாரக் கணக்கில் 4.9. எந்தக் கணக்கு என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள்.

வேலையின்மையும் ஒரே வகை அல்ல. மாங்காய் ஆலைப் பெண்ணுக்கு இருப்பது பருவகால வேலையின்மை. நகரியில் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றும் நெசவாளர் மனைவிக்குச் சம்பளம் இல்லை, ஆனாலும் அவர் வேலையுள்ளவர். இரண்டு பேர் வேலையை நான்கு பேர் பகிர்ந்தால் அது மறைமுக வேலையின்மை. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டதுபோல, தொழிலே போய்விடுவது அமைப்பு சார்ந்த வேலையின்மை. 2020 மார்ச்சில் திருமலையில் தரிசனம் நின்றபோது திருப்பதியின் பூக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் பட்டது, திடீர் அதிர்ச்சியில் வரும் வேலையின்மை.

இதில் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்பாளர் கேட்கும்போது “வீட்டில் சும்மாத்தான் இருக்கிறேன்” என்றால் உங்களை வேலையில்லாதவராகக்கூட எழுத மாட்டார்கள். உழைப்பாளர் கணக்கிலிருந்தே பெயர் போய்விடும். “வேலை கிடைத்தால் செய்வேன்” என்று சொல்லுங்கள்.

கணக்கு எப்படியோ, உரிமை எழுத்தில்தான் இருக்கிறது. கிராமத்தில் நூறு நாள் வேலையை 2005 சட்டம் உரிமையாக்கியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் அதை 125 நாளாக்கியது. விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். 2005 சட்டப்படி அது முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு பாதி. திட்டத்தின் ஃபீல்டு அசிஸ்டென்டிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அந்த 15 நாள் எங்கே தொடங்கியது என்று யார் காட்டுவது? இந்தப் படி பலருக்குக் கிடைக்காமல் போவது இங்கேதான்.

தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு நகல்களைப் பத்திரப்படுத்துங்கள்.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். தேவஸ்தானமே பலமுறை எச்சரித்திருக்கிறது. பணம் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்படாமல் போலீசில் புகார் கொடுங்கள்.

இந்த வாரமே கிராம வேலைத் திட்டத்தில் வேலை கேட்டு எழுதிக் கொடுங்கள். தேதி போட்ட ரசீது வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.