அலையாத்திக் காடு – 9: உப்பு பூத்த இலை

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஓதம் வந்து போக, மீன்முள்போலக் கிளை பிரியும் மீன்முள் வாய்க்கால் வெட்டியது ஏன் என்பதைச் சென்ற வாரமே பார்த்தாயிற்று. காட்டை மொட்டையாக வெட்டினார்கள், வெயிலில் தரை காய்ந்து உள்வாங்கியது, தேங்கிய கடல்நீர் வற்றி உப்பானது, நட்டதெல்லாம் பட்டுப்போனது. போதும்.

வாய்க்கால் வெட்டி அதன் கரையில் நட்டால், நடும் முறையோடு இலையும் மாறுமா? மாறும். முத்துப்பேட்டைக் காட்டின் பெரும்பகுதி வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம்தான். உப்பேறிய திட்டில் தப்பிப் பிழைக்கும் வெண்கண்டலுக்கு இலை சிறுத்துத் தடிக்கும். வாய்க்கால் கரையில், ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் ஊன்றியதற்கு இலை அகன்று மெலியும். தடித்த இலை நோயல்ல, தற்காப்பு. ஆனால் அதே அளவு பரப்பை விரிக்க மரம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். அதனால் வளர்ச்சி மட்டுப்படும். எத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்று பலகையில் எழுதுவதைவிட, சில ஆண்டு கழித்து ஒரு கைப்பிடி இலையைப் பறித்து அளந்தால் நடவு பலித்ததா என்று தெரிந்துவிடும்.

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த இலையின் உப்புதான். கடல்நீரில் உள்ள உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வேரே வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது. மீறி உள்ளே வருவதை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. ஜாம்புவானோடையில் படகேறி இந்தக் காட்டுக்குள் போகிறவர்கள், மழை விட்டுச் சில நாள் கழித்து ஓர் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். தேவையில்லாததை மரம் தூக்கி எறிகிறது என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள்.

2021-இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கழிவை வரவாக்கிக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் வறண்ட கடலோரத்தில் நிற்கும் இதே வெண்கண்டலை ஆராய்ந்தார்கள். காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் சோற்றுப்பு கசியும் அல்லவா? இலைமேல் பூத்த உப்பும் அப்படியே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைகிறது. பனி விழக்கூட வேண்டியதில்லை. அந்த ஈரத்தை இலை உறிஞ்ச, நீர் கிளைக்குள் பின்னோக்கி ஓடுகிறது! வேர் குடித்து இலை விடும் என்றே பாடம் படித்தவர்கள் நாம். இங்கே இலையும் குடிக்கிறது.

இந்த உப்புக்கு ருசி கண்டவர்களும் உண்டு. குஜராத்தின் கச்சில் காராய் ஒட்டகங்கள் கடலோடையை நீந்திக் கடந்து போய் அலையாத்தி இலையை மேய்கின்றன. நம் பக்கத்து ஆடுமாடுகளுக்கும் அந்த ஆசை உண்டு. அதனால்தான் இளங்கன்றுக்கு வேலி தேவைப்படுகிறது.

நம் காவிரி டெல்டாவுக்கு இதில் என்ன பாடம்? பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைக் காயலில் கலக்கின்றன. ஆனால் நன்னீர் தாராளமாக வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு கடைமடைக்கு வருவது, மேலே திறந்துவிடுவதில் மிஞ்சியதுதான். மற்ற மாதங்களில் உப்பைச் சமாளிக்க மரத்திடம் எத்தனை வழி இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் தரையை வைத்திருப்பது வாய்க்கால். ஆகவே அலையாத்தி நடவில் முதல் வேலை கன்றுக்கு அல்ல, மண்வெட்டிக்கு. ஓதம் வந்து போக வழி செய்துவிட்டால் மீதியை விதை பார்த்துக்கொள்ளும். வண்டல் படிந்து அந்த வழி தூர்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பதும் இலைதான்.

விதையாக ஊன்றுவதா, பையில் வளர்த்த நாற்றா என்று இந்த வாரமே எழுதுவதாக இருந்தேன். உப்பு இடத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் அதுதான். கூடவே, நெல் வாய்க்காலுக்கு ஆண்டுதோறும் தூர் வாரும் மாவட்டத்தில் காட்டு வாய்க்காலுக்கு யார் வாருவது என்பதையும் பேசுவோம்.

(தொடரும்)