தீவுகளின் ஒற்றைக் குரல்

இரயிலே ஓடாத தீவில் இருந்துகொண்டு இரயில் சீட்டுப் பதிந்து கொடுப்பது நமது உத்தியோகம். கப்பல் ஒருநாள் பிந்தினால் சென்னையில் ஏறவேண்டிய வண்டி தவறிவிடுமே என்று கவலையோடு நம்முன் நிற்பவர் பலர். இத்தகைய குறைகளைத் தில்லியில் எடுத்துரைக்க நமக்கு யார் உளர்? அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டசபை இல்லை. இராஜ்ய சபையிலும் இடமில்லை. லோக சபையில் ஓர் ஆசனம் உண்டு, அவ்வளவே.

அந்த ஆசனத்திற்கு 1952இல் நிக்கோபார்ப் பாதிரியார் ஜான் ரிச்சர்ட்சன் நியமிக்கப்பட்டார். மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமை 1967இல்தான் கிட்டிற்று. அவ்வாண்டும் 1971இலும் கே. ஆர். கணேஷ் வென்றார். பின்னர் வந்தவரே மனோரஞ்சன் பக்தா.

1977இல் வடநாடெங்கும் காங்கிரஸ் வீழ்ந்தபோது, காங்கிரஸ்காரரான இவர் இங்கே வென்றார். தொடர்ந்து 1980, 1984, 1989, 1991, 1996, 1998 எனத் தேர்தல்தோறும் வெற்றியே. இவர் வங்காளி. ஆயினும் 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி வங்காளியர் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. தமிழர் ஏறத்தாழப் பதினைவர். ஆதலின் தம் மொழியினரை மட்டும் நம்பி இங்கு எவரும் வெல்லுதல் அரிது. தமிழர் வாசலுக்கும் வந்தே ஆகவேண்டும். நமக்கு இது சிறிய பலமன்று.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஜான் டிங்கெல் என்பார் 1955 முதல் 2015 வரை, ஐம்பத்தொன்பது ஆண்டுகள் வீற்றிருந்தார். வியப்பே! ஆனால் அவருடைய மிச்சிகன் மக்களுக்குச் செனட்டர் இருவரும், சொந்தச் சட்டசபையும், தாமே தேர்ந்த கவர்னரும் உண்டு. அவர் சோர்ந்தாலும் கேட்க வேறு வாய்கள் இருந்தன. பக்தா சோர்ந்தால் தீவே ஊமை. நமக்கு ஒப்பு இலட்சத்தீவுதான். சட்டசபையற்ற அத்தீவினர் பி. எம். சயீதை 1967 முதல் பத்துமுறை தொடர்ந்து அனுப்பினர்.

ஒருவரே நெடுங்காலம் இருத்தல் நன்றா? தில்லியில் கதவுகள் பழகும் என்பது மெய். ஊரில் மாற்றுக் குரல் வளராது என்பதும் மெய். 1999இல் தீவினர் பக்தாவை விடுத்து, பாரதீய ஜனதாவின் விஷ்ணு பத ரேயைத் தேர்ந்தனர். அதனை நன்றிகேடு என நாம் கொள்ளோம்.

2004இல் எட்டாம் முறையாக மீண்டார் பக்தா. அவ்வாண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. நிக்கோபார் ஊர்கள் பல அழிந்த அந்நாளில், தீவுகளின் ஒரே பிரதிநிதி அவரே. அப்பதவிக்காலம் 2009இல் முடிந்தது. 2015இல் அவர் காலமானார்.